இருள்கொண்டு நகரெழுதிய ககனேந்திரநாதர்

தாகூர் என்ற பெயரைச் செவிமடுத்த மாத்திரத்தே நம்மவர் நெஞ்சில் எழுவது கவியரசர் இரவீந்திரநாதரது திருவுருவமே. ஓவியம் பயில்வோராயின் அவனீந்திரநாதர் பெயரையும் உடன் கூறுவர். அவ்வவனீந்திரருக்குத் தமையனாரும், ஓவியத் துறையில் அவரினும் அஞ்சாத கையினருமாகிய ககனேந்திரநாதரை நினைவுகூர்வோர் நம் நாட்டில் மிகச் சிலர். மலையையும் கடலையும் எழுதினோர் பலர். தெய்வங்களையும் அரசர்களையும் எழுதினோர் மிகப் பலர். தாம் பிறந்து வாழ்ந்து மூப்பெய்திய ஒரு நகரத்தை, அதன் மழையோடும் புகையோடும் நள்ளிருளோடும், உள்ளே நுழைந்து நடக்கலாம் போன்ற ஆழத்தோடு தாளில் எழுதிக் காட்டிய இந்தியர் அவர்க்கு முன் யாவர் என வினவின், விடை கூறுதல் அரிது. அவ்வகையில் அவருடைய வரலாறு ஓவியர்க்கு மாத்திரமன்றி இலக்கியம் கற்போர்க்கும் பயன்படுவதொன்றாம்.

நகரத்தை எழுதுவதில் உள்ள இடர் யாது என்பதனை முதற்கண் அறிந்துகொள்ளுதல் நன்று. தாள் தட்டையானது, நகரமோ வீட்டின் பின் வீடும், வீதியினுள் வீதியும், மாடத்தின்மேல் மாடமுமாக அடுக்குண்டு கிடப்பது. அத்துணை அடுக்குகளையும் தட்டையான தாளில் அடக்குதற்கு மேனாட்டார் கண்ட வழி கணக்குவழி. நேரே ஓடும் வீதியின் இரு ஓரங்களும் தொலைவில் ஒரு புள்ளியிற் சென்று கூடுவதாக அளவுகோல் வைத்துக் கோடிழுத்து, வீடுகளையும் மரங்களையும் அக்கோட்டிற்கு அடங்கச் சிறிதாக்கிக்கொண்டு போவர். கல்கத்தா நகரை இம்முறையில் எழுதியவர்களுள் தோமஸ் டானியலும் அவர் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் குறிப்பிடத்தக்கவர். 1786 தொடக்கம் 1788 வரையுள்ள காலத்தில் அவர்கள் அந்நகரின் பன்னிரண்டு காட்சிகளைச் செதுக்கி அச்சிட்டு வெளியிட்டனர். அகன்ற வீதி, வெண்டூண் மாளிகை, தெளிந்த வானம், ஆங்காங்கே பல்லக்கும் யானையும்; அளவிற் பிழையில்லை. ஆயினும், அந்நகரிற் பிறந்த ஒருவன் அவற்றைக் காணின், ஊர் பார்க்க வந்த விருந்தினன் பார்த்த நகர் இது, நான் உறங்கி விழித்த நகரன்று எனவே எண்ணுவான். கணக்கு வீதியின் நீளத்தைத் தருமேயன்றி அவ்வீதியின் காற்றைத் தருவதில்லை.

காற்றைத் தருவதற்கு வேறொரு வழி உண்டு. நம் சுன்னாகத்தார்க்கு அதனை விளக்கப் பெரும்பாடு வேண்டா. மார்கழி விடியற்காலையில் ஊரெல்லை கடந்து கந்தரோடைப் பக்கமாக நோக்குக. முன்னிற்கும் பனைகள் கரிய தூண்களாய்த் தோன்றும். அவற்றின் பின்னுள்ளவை சாம்பல் நிறங் கொள்ளும். அவற்றிற்கும் அப்பாலுள்ளவை பனையென்று அறியவாராது, பனியிற் படிந்த கறைபோற் கிடக்கும். பனைகள் யாவும் ஒரு நிறத்தனவே. ஒரு பொருள் எத்துணைத் தொலைவில் உள்ளதோ அத்துணைக் காற்றும் ஈரமும் புகையும் அதற்கும் நம் கண்ணுக்கும் இடையே நிற்கின்றன. அவை கருமையை வெளுக்கச் செய்கின்றன, விளிம்பை மழுக்குகின்றன, நிறத்தை நீலஞ்சேர்ந்த சாம்பலாக்குகின்றன. இத்தாலியராகிய லியொனார்டோ இதனை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்து எழுதிவைத்தார். சீனரும் சப்பானியரும் அவர்க்கும் முற்பட்டே மையின் அடர்த்தி ஒன்றனையே கொண்டு மலைக்குப் பின் மலையை நிறுத்திக் காட்டினர். ககனேந்திரர் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தது இவ்வழியை. ஆனால், அவர் அதனை எடுத்து வைத்த இடம் மலையன்று, நகரத்தின் நடு.

அவர் பிறந்தது 1867ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம் 18ஆம் நாள், வடகல்கத்தாவிலுள்ள சோராசங்கோ என்னும் பகுதியில். துவாரகாநாத தாகூரின் புதல்வருள் மூத்தவர் தேவேந்திரநாதர். அவர் மைந்தரே கவியரசர். தேவேந்திரருக்கு இளையவராகிய கிரீந்திரநாதரின் மைந்தர் குணேந்திரநாதர். அவருடைய தலைமகனே நம் ககனேந்திரர். எனவே முறையாற் கவியரசர் இவருக்குச் சிறிய தந்தையார். வயதாலோ ஆறாண்டே மூத்தவர். ஒரே ஒழுங்கையில் ஆறாம் இலக்க மாளிகையில் தேவேந்திரர் வழியினரும், அதனை அடுத்த ஐந்தாம் இலக்க மாளிகையில் குணேந்திரர் வழியினரும் வாழ்ந்தனர். ககனம் என்பது வானத்தைக் குறிக்கும் வடசொல். வானின் தலைவன் என்று பெயர்பெற்ற பிள்ளை பிற்காலத்தில் வானத்தை அரைப்பங்குக்கு மேல் இருட்டாக்கி எழுதுவார் என்று பெயரிட்டோர் எண்ணியிரார்.

தந்தையாராகிய குணேந்திரர் நாடகத்திலும் தோட்டக்கலையிலும் விருப்புடையவர். அவர் 1881ஆம் ஆண்டில் இளவயதிலேயே காலமானார். பதினான்கு வயதளவினராகிய ககனேந்திரர் தலையில் மூத்த மகன் என்னும் பொறுப்பு வந்து வீழ்ந்தது. சேவியர் பாடசாலையிற் படித்ததும், அரிநாராயணர் என்னும் ஆசிரியரிடம் நீர்வண்ணம் சிறிது பழகியதும் உண்டு. முறையாக ஓவியக் கல்லூரி புக்குக் கற்றாரல்லர். மேனாடு சென்று பயின்றாருமல்லர். தம்பியார் அவனீந்திரர் ஓவியராகப் பெயர்பெற்று, கல்கத்தா அரசினர் கலைக்கல்லூரியில் 1905ஆம் ஆண்டில் துணைமுதல்வராக அமர்ந்தபொழுதும் தமையனார் பெருங்குடும்பத்தின் தலைவராகவும் கலைப்பொருள் சேகரிப்பவராகவுமே அறியப்பட்டிருந்தார்.

அக்காலத்தே அவருடைய மூத்த மைந்தன் இளம்பருவத்தில் இறந்தான். துயர் ஆறுதற்பொருட்டு மாளிகையிற் புராணப் படிப்பும் கீர்த்தனமும் நாள்தோறும் நிகழ்ந்தன. கேட்டுக்கொண்டிருந்த ககனேந்திரர் பென்சிலை எடுத்துக் கதை சொல்பவர் முகத்தையும், கேட்டு இருப்பவர் முகங்களையும் வரையத் தொடங்கினார் என்பர். நாற்பது வயதை அணுகிய ஒருவர் துயர்க்கு மருந்தாகத் தொட்ட கோல் அது. பின் இருபத்தைந்து ஆண்டுகள் அவர் அதனைக் கீழே வைக்கவில்லை. பிள்ளைப் பருவத்தில் கைதேராதவன் பின் தேறான் என்று மாணாக்கரைத் தள்ளிவிடும் நம் பாடசாலை வழக்கம் இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது.

இனி, அவர் கைக்கு வழி காட்டியோரைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். 1902ஆம் ஆண்டில் சப்பான் தேயத்து அறிஞர் ஒகாக்குரா கல்கத்தாவுக்கு வந்தார். அவர் வழியாக அடுத்த ஆண்டில் யொக்கோயாமா தைக்கான், இசிடா சுன்சோ என்னும் இரு இளம் ஓவியர் வந்து தாகூர் குடும்பத்தாரோடு பழகினர். அவ்விருவரும் தம் நாட்டிற் புதுமை செய்து வசை கேட்டவர்கள். சப்பானிய ஓவியத்திற்கு உயிரெனக் கருதப்பட்ட மைக்கோட்டினை அவர்கள் விட்டொழித்து, ஈரமான பரப்பில் நிறத்தை மெல்ல மெல்லக் கரையவிட்டு, மூடுபனியும் மாலைக் காற்றும் தோன்ற எழுதினர். அந்நாட்டுத் திறனாய்வாளர் அதனை மோரோத்தாய், அதாவது மங்கல் நடை என்று பெயரிட்டு எள்ளினர். எள்ளலாக இட்ட பெயர் பின்னர்ப் புகழ்ப்பெயராயிற்று.

தைக்கான் அகன்ற தூரிகையால் தாளை நனைத்து நனைத்து எழுதுவதைக் கண்ட அவனீந்திரர், தாம் தீட்டிய படத்தை நீரில் முழுவதுமாகத் தோய்த்தெடுத்து மீண்டும் தீட்டும் முறையை வகுத்துக்கொண்டார். வங்க ஓவியர் பலர்க்கும் உரியதாகிய நீர்க்கழுவல் முறை இவ்வாறு பிறந்தது. அம்முறையைப் பின்பற்றினோருட் பலர் புராணக் கதைகளையும் மொகலாய அவைகளையுமே அப்புகையினுள் வைத்து எழுதினர். உள்ளே நிற்கும் மாந்தரும் புகையாகவே போயினர் என்று சொல்லத் தோன்றுகின்றது. ககனேந்திரரோ அச்சப்பானியரிடமிருந்து கருமையின் படிகளைக் கற்றுக்கொண்டார். ஒரே மையை நீர் கூட்டியும் குறைத்தும் கடுங்கருமை, கருமை, சாம்பல், வெண்சாம்பல், தாளின் வெண்மை எனப் படிப்படியாக இறக்கும் பயிற்சி அது. அவர் அதனைப் பழகுதற்குக் கொண்ட பொருள் காகம். கல்கத்தாவின் கூரைகளிலும் மதில்களிலும் நாள்தோறும் காணும் காகங்களை அவர் கூட்டங் கூட்டமாக மையில் எழுதினார். கரிய பறவையைக் கரிய மையால் எழுதி, ஒன்றன்பின் ஒன்று நிற்பதாகக் காட்டுதல் எளிதன்று. அப்பயிற்சியில் தேறிய கை நகரை எழுதுதற்குத் தகுதி பெற்றது.

1907ஆம் ஆண்டில் ககனேந்திரரும் அவனீந்திரரும் கலையார்வமுடைய ஆங்கிலேயர் சிலரோடு கூடிக் கீழைத்தேயக் கலைச் சங்கம் ஒன்றனைக் கல்கத்தாவில் நிறுவினர். அச்சங்கத்தோடும் அக்குடும்பத்தோடும் நெருங்கிய நட்புப் பூண்டிருந்தோருள் நம் ஈழத்துப் பேரறிஞர் ஆனந்த குமாரசுவாமியும் ஒருவர் என்பது நாம் மகிழ்தற்குரியது. நம் ஊர்ப் புறத்து மருதனார்மடத்தில் 1913ஆம் ஆண்டு பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு அவர் தாய்மாமனாராகிய சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தர். சோராசங்கோ மாளிகைக்கு அவர் விருந்தினராய்ச் சென்று தங்கியதும், புதிய வங்க ஓவியங்களைப் பற்றி உலகறிய எழுதியதும் 1910ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தனவாம்.

ஐந்தாம் இலக்க மாளிகையின் தென்புறத்தே நீண்டதொரு விறாந்தை இருந்தது. உடன்பிறந்தார் மூவரும், அஃதாவது ககனேந்திரர், சமரேந்திரர், அவனீந்திரர் ஆகியோர், நாள் முழுவதும் அங்கே தத்தம் இருக்கையில் அமர்ந்திருப்பர். இருவர் எழுதுவர், நடுவிலவர் நூல் படிப்பர். வங்கத்தின் புதிய ஓவியம் வளர்ந்த பள்ளிக்கூடம் அவ்விறாந்தையே என்பது மிகையன்று. அதிலிருந்து நோக்கின் தோட்டமும், தோட்டத்திற்கு அப்பால் அயல்வீட்டு மாடங்களும், அவற்றின் மேல் நகரின் புகையும் தெரியும். ககனேந்திரர் நகரோவியங்களில் வரும் நோக்குநிலை பெரும்பாலும் இத்தகையதே. வீதியில் நிற்பவன் நோக்கன்று, வீட்டின் உள்ளே நிழலில் நின்று வெளியே பார்ப்பவன் நோக்கு.

கவியரசர் தம் இளமை நினைவுகளைச் சீவன ஸ்மிருதி என்னும் நூலாக 1912ஆம் ஆண்டில் வெளியிட்டபொழுது அதற்குப் படம் எழுதும் பணி ககனேந்திரரைச் சேர்ந்தது. 1917ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பிலும் அப்படங்கள் பல இடம்பெற்றன. நூலிற் கூறப்படும் சிறுவன் பெருமாளிகையுள் வேலைக்காரரால் அடைக்கப்பட்டுச் சாளரத்தின் வழியே குளத்தையும் ஆலமரத்தையும் பார்த்துப் பார்த்து உலகைக் கற்பனை செய்தவன். அத்தகைய நூலுக்குத் தெளிவான படம் பொருந்தாது. ககனேந்திரர் செய்தது யாதெனில், ஒவ்வொரு படத்திலும் ஒரு பகுதியை முற்றாக இருளவிட்டு, எஞ்சிய பகுதியில் மெல்லிய சாம்பலைப் பரப்பி, ஓரிடத்தில் மாத்திரம் தாளின் வெண்மையைத் தொடாது விட்டதேயாம். விறாந்தையில் இருந்து கதை பேசும் பணிப்பெண்கள், உள்வீட்டுத் தோட்டம், நிலவொளி, கங்கை ஆகியவை அவற்றுட் சில. விறாந்தைப் படத்தில் நம் கண் முதலில் ஒளியிற் பதிகின்றது. பின்னரே இருளினுள் ஆட்கள் இருப்பதை உணர்கின்றோம். இருளில் நுழைந்த கண் சிறிது பொழுது கழித்தே பொருள்களைக் காணும் உலகியற்கையை அவர் படத்தில் வைத்துவிட்டார். பழந்தமிழர் வண்ணந்தீட்டாத ஓவியத்தைப் புனையா ஓவியம் என்றனர். வண்ணமின்றியே வண்ணமுள்ளதாக உணரச்செய்யும் இப்படங்களுக்கு அப்பெயரை இட்டு வழங்கின் இழுக்காகாது என்பது என் துணிபு.

இதனை அடுத்து அவர் இரவு நகரை வண்ணத்தில் எழுதினார். 1857ஆம் ஆண்டு முதல் வாயு விளக்குகள் எரிந்த நகரம் கல்கத்தா. விறகும் நிலக்கரியும் எரியும் அடுப்புப் புகை குளிர்கால மாலையில் மேலெழாது வீதியிலே தேங்கும். விளக்கொளி அப்புகையிற் பட்டு ஒளிவட்டமாய் விரியும். இவ்விரண்டும் ஓவியனுக்குக் கிடைத்த கொடை. துர்க்கை பூசையின் முடிவில் தேவியின் படிமத்தை ஆற்றில் விடுதற்குக் கொண்டுசெல்லும் இரவுக் காட்சியை அவர் எழுதிய படம் பெரிதும் பேசப்படுவது. முன்னே மக்கட் கூட்டம் ஒரே கரிய திரளாகக் கிடக்கின்றது. முகம் எண்ண முடியாது. தீவெட்டியின் ஒளி கூட்டத்தின் நடுவே பொங்கி எழுந்து படிமத்தைச் சூழ்கின்றது. சுற்றிலும் இரவு. அளவுகோல் வைத்து இழுத்த கோட்டினால் அப்படத்துக்கு ஆழம் வந்ததன்று. கரிய திரளின் பின் பொன்னொளியும், பொன்னொளியின் பின் மங்கிய இருளும் என மூன்று திரைகளைத் தொங்கவிட்டதனால் வந்தது. முன்னிருளும் பின்னிருளும் ஒன்றல்ல என்பதையே கற்கவேண்டும். முன்னது அடர்ந்து வெம்மை கலந்தது. பின்னது நீர்த்துக் குளிர்ந்தது.

இக்காலத்து மாணாக்கர் கணினித் திரையிலும் மின்பலகையிலும் நகரக் காட்சிகளை எழுதுகின்றனர். அவர்கள் முன்னடுக்கு, நடுவடுக்கு, பின்னடுக்கு எனத் தனித்தனித் தளங்களை அமைத்து, ஒவ்வொன்றிற்கும் இடையே ஒளி ஊடுருவும் மெல்லிய சாம்பற்படலத்தைச் செருகுகின்றனர். பின்னடுக்கின் கருமையைக் குறைக்கின்றனர். ஒளி வரும் இடத்தை ஒன்றாக வைத்துக்கொள்கின்றனர். கருவி புதிது, முறை சோராசங்கோ விறாந்தையில் நீர்ச்சட்டியும் மைக்கட்டியும் கொண்டு செய்யப்பட்டதே. ஒரு வேற்றுமை உண்டு. திரையில் எழுதுவோர் பிழைத்த அடுக்கை நீக்கிவிடலாம். ஈரத்தாளில் இறங்கிய கருமையை மீட்டெடுத்தல் இயலாது. ஆதலின், எவ்விடத்தை வெளிதாக விடுவது என்பதனைத் தூரிகை தொடுமுன்னரே ககனேந்திரர் முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

1917ஆம் ஆண்டை ஒட்டி அவர் வேறொரு முகங் காட்டினார். வீட்டிலேயே கல்லச்சு வைத்து, கேலிச்சித்திரத் தொகுதிகளை வெளியிட்டார். விரூப வச்சிரம், அற்புத லோகம் என இரண்டும், 1921இல் நவ குல்லோடம் என மூன்றாவதும் வந்தன. ஆங்கில உடையில் இடர்ப்படும் வங்கக் கனவான், சடங்கை விற்றுண்ணும் புரோகிதர், பயனில்கல்வி தரும் பல்கலைக்கழகம் ஆகியோரும் ஆகியவையும் அவர் கோலுக்குத் தப்பவில்லை. சிறிய தந்தையாராகிய கவியரசரையும் வானில் மிதக்கவிட்டு நகைத்தார். அவை தனிக் கட்டுரைக்குரியவை. ஈண்டு நமக்கு வேண்டுவது, நகரின் அழகை எழுதியவர் நகரின் பொய்ம்மையை அறியாதவரல்லர் என்ற அளவே.

நாடகமேடை அவர் ஓவியத்துக்குச் செய்த உதவி இதனினும் பெரிது. கவியரசர் நாடகங்கள் மாளிகையில் அரங்கேறும்பொழுது மேடையமைப்பிலும் உடையமைப்பிலும் ககனேந்திரர் முன்னின்றார். 1916இல் பால்குனியிலும், 1917இல் அஞ்சல் நிலையம் என்னும் பொருள்படும் டாக்கரிலும் தாமே வேடம் புனைந்து நடித்தார். பின்னதனை அவ்வாண்டு கல்கத்தாவிற் கூடிய காங்கிரசு மாநாட்டுக்கு வந்த காந்தியடிகளும் திலகரும் அன்னி பெசண்டு அம்மையாரும் கண்டனர். சிற்றரங்கில் பெருவெளியைத் தோற்றுவித்தற்குத் திரையும் தட்டியும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, காண்போர்க்கு மறைவான ஓரிடத்திலிருந்து ஒளியைப் பாய்ச்ச வேண்டும். விளக்குத் தெரியாது, ஒளி மட்டும் தெரியும். அவருடைய பிற்கால ஓவியங்களில் இம்மேடை ஒளியே குடிபுகுந்தது என்பதனைத் தாகூர் ஓவியர் மூவரையும் பற்றி 1973இல் நூல் வெளியிட்ட இரத்தன் பாரிமூ முதலிய ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

அப்பிற்கால ஓவியங்களே அவருக்குப் புகழையும் பழியையும் ஒருங்கே தேடித் தந்தன. 1920ஆம் ஆண்டின் பின் அவர் கியூபிசம் என்னும் கனவுருவ முறையைக் கையாளத் தொடங்கினார். பாரிசு நகரில் பிக்காசோவும் பிராக்கும் 1907ஆம் ஆண்டு முதல் வளர்த்த முறை அது. பொருளைப் பட்டை பட்டையாக உடைத்து, அதன் பல பக்கங்களையும் ஒரே பரப்பிற் காட்டுவர். இம்முறையில் ககனேந்திரர் எழுதியவை வீட்டுப் பொருள்களல்ல, மாளிகைகளும் நகரங்களும். கண்ணபிரானது துவாரகாபுரி பொற்படிகங்களின் அடுக்காக எழுகின்றது. மர்ம மாளிகையில் படிகள் படிகளைத் தொட்டு மேலேறுகின்றன. வாயிலுக்குள் வாயில் திறக்கின்றது. எங்கோ ஓரறையில் எரியும் விளக்கு நமக்குத் தெரியாது. அதன் ஒளி சுவர்களைப் பிளந்துகொண்டு வருகின்றது.

1922ஆம் ஆண்டு திசெம்பரில் கீழைத்தேயக் கலைச் சங்கம் தன் பதினான்காம் ஆண்டுக் கண்காட்சியை நடத்தியது. செருமனியின் பௌகவுசுக் கலைப்பள்ளியைச் சேர்ந்த கண்டின்சுக்கி, பவுல் கிளே, பைனிங்கர் முதலியோரின் படைப்புகள் கடல்கடந்து வந்து அங்கே தொங்கின. அவற்றை வரவழைத்தற்கு முன்னின்றவர் வியன்னா நகரிலிருந்து வந்து சாந்திநிகேதனத்திற் கற்பித்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார். ககனேந்திரர் படங்களும், அவர் தங்கையார் சுனயனி தேவியின் படங்களும் அக்கண்காட்சியில் இடம்பெற்றன. இக்கண்காட்சியைக் கண்டே ககனேந்திரர் கனவுருவத்திற் புகுந்தார் எனக் கருதுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அவரை இந்தியக் கியூபிசராக அறிமுகஞ்செய்து கிராம்ரிஷ் அம்மையார் சங்கத்தின் ரூபம் என்னும் இதழில் கட்டுரை வரைந்தது அவ்வாண்டின் நடுப்பகுதியில். கண்காட்சி திறந்ததோ ஆண்டின் இறுதியில்.

1959ஆம் ஆண்டில் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலத் திறனாய்வாளர் நவீன இந்தியக் கலை பற்றி எழுதிய நூலில் இப்படங்களை வலுவற்ற போலிகள் எனத் தள்ளினார். இத்தீர்ப்பை நம் நாட்டிலும் பலர் ஆராயாது ஏற்றனர். ஆர்ச்சர் பெரும்புலமையுடையவர் என்பதில் ஐயமில்லை; ஆயினும், அவர் ஒரு முறைக்குரிய அளவுகோலை மற்றொன்றன்மேல் வைத்துவிட்டார் என்றே கருதவேண்டியுள்ளது. பாரிசு ஓவியர் பட்டைகளைக் கொண்டு ஆழத்தை ஒடுக்கினர். படத்தின் உட்புறத்தை முன்னே இழுத்துத் தட்டையாக்கினர். ககனேந்திரரோ அதே பட்டைகளைக் கொண்டு ஆழத்தைப் பெருக்கினார். அவர் படத்தில் ஒவ்வொரு பட்டையும் ஒரு திரை. திரைக்குப் பின் திரை. கடைசித் திரைக்குப் பின் ஒளி. பத்தாண்டுகளுக்கு முன் காகத்திலும், சீவன ஸ்மிருதியின் விறாந்தையிலும், தேவியின் ஊர்வலத்திலும் மையின் படிகளால் எதனைத் தேடினாரோ அதனையே இப்பொழுது படிகத்தின் பட்டைகளால் தேடினார். 2007ஆம் ஆண்டில் பார்த்த மித்தர் தம் நூலில், மேனாட்டார் ஒருவர் கடன் பெற்றால் அதனைத் தாக்கம் என்றும், கீழ்நாட்டார் பெற்றால் போலி என்றும் பேசும் வழக்கத்தை இப்படங்களை முன்வைத்தே கடிந்தார். கம்பர் கதையை வடமொழியிலிருந்து எடுத்தார் என்பதனால் அவரைப் போலி என்று எவரேனும் கூறின் நாம் பொறுப்போமா?

இப்படங்கள் யாவும் சமமான சிறப்புடையன என்று கூறுவதும் பொருந்தாது. சிலவற்றில் பட்டைகள் அணிகலனாகவே நின்றுவிடுகின்றன. மாளிகை இருக்கின்றது, அதனுள் நுழைய வழி இல்லை. புராண நகரங்களினும் அவர் கண்ணாற் கண்ட கல்கத்தாவே அவருக்குப் பெரிதும் கைவந்தது என்பது என் கருத்து.

புறவாழ்வில் அவர் இனியர், விருந்தோம்பலில் பெயர்பெற்றவர். வங்கத்துக் கைத்தொழில்களை வளர்க்கும் முயற்சியில் ஆளுநர் கார்மைக்கேல் பிரபுவோடு கூடி உழைத்தார். மேனாட்டுத் தளபாடங்களை மாளிகையினின்று அகற்றி, நம் நாட்டு வாழ்க்கைக்கு ஏற்ற தாழ்ந்த இருக்கைகளை வகுத்துச் செய்வித்தார். சிறுவர்க்கென ஒரு வேடிக்கைக் கதையும் எழுதினார். சொற்பொழிவு செய்வதிலும், தம் ஓவியத்துக்கு விளக்கம் எழுதுவதிலும் அவருக்கு விருப்பமிருந்ததில்லை.

1930ஆம் ஆண்டில் அவரைப் பாரிசவாதம் தாக்கியது. எழுதிய கை செயலற்றது, பேச்சும் நின்றது. அதன்பின் எட்டாண்டுகள் அவர் வாழ்ந்தார். கவியரசர் முதுமையில் தாமும் ஓவியராகி, பாரிசில் முதற் கண்காட்சி வைத்ததும் அதே 1930இல். குடும்பத்தில் முதலில் தூரிகையைத் துணிவோடு வீசியவர் விறாந்தையில் அசையாதிருக்க, சிறிய தந்தையார் படங்கள் உலகைச் சுற்றின. 1938ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 14ஆம் நாள் ககனேந்திரர் காலமானார்.

ஐந்தாம் இலக்க மாளிகை பின்னர் விற்கப்பட்டு இடிக்கப்பட்டது. இன்று சோராசங்கோவுக்குச் செல்வோர் காண்பது கவியரசரது ஆறாம் இலக்க மாளிகையை மாத்திரமே. ககனேந்திரர் ஓவியங்களுட் பல இரவீந்திர பாரதி சங்கத்தின் தொகுதியிலும், சில புதுதில்லித் தேசிய நவீன கலைக்கூடத்திலும் உள்ளன. அவற்றுட் பல உள்ளங்கை இரண்டைச் சேர்த்து விரித்த அளவினும் பெரிதல்ல. அருகே சென்று, விளக்கொளி தாளிற் பட்டு மின்னாதபடி சற்றுச் சாய்ந்து நின்று, கண் இருளுக்குப் பழகும்வரை பொறுத்திருந்து பார்க்கவேண்டும்.